அயலார் கையில் ஒரு படி

1986 நவம்பர் கடைசியில் வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புப் பிரிவில் இருவர் தங்கள் பழைய கடிதங்களை அழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டர். மற்றவர் அவரிடம் பணியாற்றிய ஆலிவர் நார்த். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அதில் வந்த பணத்தின் ஒரு பகுதியை நிகராகுவா அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் வெளியே வரத் தொடங்கியிருந்தது. அலுவலகத்துக்குள் கடிதம் அனுப்ப அவர்கள் பயன்படுத்தியது ஐபிஎம் நிறுவனத்தின் 'ப்ராஃப்ஸ்' என்ற அமைப்பு. பாயின்டெக்ஸ்டர் 5,012 குறிப்புகளை நீக்கினார். நார்த் 736 குறிப்புகளை நீக்கினார். அவர்கள் திரையில் எல்லாம் போய்விட்டன. ஆனால் கணினிகளைப் பராமரித்தவர்கள் அன்றாட வேலையாகக் காந்த நாடாக்களில் எடுத்து வைத்த நகல்கள் வேறிடத்தில் இருந்தன. விவகாரத்தை விசாரித்து அடுத்த பிப்ரவரியில் அறிக்கை தந்த டவர் கமிஷன் அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் நடந்ததை வரிசைப்படுத்தியது. அதிபர் ரீகனின் பதவிக்காலம் முடியும் நேரத்தில், 1989 ஜனவரியில், அந்த நாடாக்கள் அழிக்கப்படாமலிருக்க வழக்குப் போடப்பட்டது. தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதும் என்று அரசு வாதாடியது. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. யார் யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்ற விவரம் தாளில் விட்டுப்போகலாம், ஆகவே மின்னணு வடிவமே ஆவணம் என்றது.

சட்டம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு முன்பே எழும் அறக் கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. தான் எழுதிய கடிதத்தை அழிக்கத் தனக்கு உரிமை இல்லையா? நாட்குறிப்பைக் கிழித்துப் போடுபவரை யாரும் கேள்வி கேட்பதில்லையே. இந்தக் கேள்வி இன்று வெள்ளை மாளிகையோடு நிற்கவில்லை. கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ மாதச் சந்தா கட்டி மின்னஞ்சல் நடத்தும் ஒவ்வொரு அலுவலகமும், பள்ளியும், அறக்கட்டளையும், மருத்துவமனையும் தினமும் இதற்கு ஒரு விடையைச் செயலில் சொல்லிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் யோசிக்காமலேயே. அங்கே போகும் வரும் கடிதங்களின் ஒரு படியை அந்த அலுவலகமோ அதன் கிளவுட் நிறுவனமோ தொட முடியாத மூன்றாவது ஒருவரிடம் வைப்பது என்பது கணினித் துறைக்காரர்களின் வேலைப் பட்டியலில் ஒரு வரி. அதை ஓர் அறக்கடமையாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பிறரைப் பாதித்த ஒரு செயலுக்குச் செய்தவரே தனிச் சாட்சியாக இருக்கக் கூடாது. கடமையும் இங்கிருந்துதான் பிறக்கிறது, அதன் எல்லையும் இங்கிருந்துதான் வருகிறது.

நாட்குறிப்பையும் அலுவலகக் கடிதத்தையும் ஒன்றாக எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. நாட்குறிப்பு எண்ணம், அலுவலகக் கடிதம் செயல். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது, கடன் மறுப்பது, விலைக்கு ஒப்புக்கொள்வது, புகாரைத் தள்ளிவைப்பது எல்லாம் இன்று ஒரு மின்னஞ்சல் போவதோடு நடந்து முடிகின்றன. போன கணத்திலேயே அது இன்னொருவர் வாழ்க்கைக்குள் நுழைந்துவிடுகிறது. அதன் பிறகு 'இப்படி ஒன்று நடக்கவே இல்லை' என்று ஆக்கிவிடும் அதிகாரம் அனுப்பியவரிடம் மட்டும் இருந்தால், அவர் அழிப்பது தன் பொருளை மட்டுமல்ல. மற்றவருக்கு நேர்ந்ததையும் சேர்த்தே அழிக்கிறார். நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு நினைவையே ஆதாரமாகச் சொன்னார் தத்துவவாதி ஜான் லாக். மனிதர்களைப் பொறுத்தவரை அந்தக் கோட்பாட்டில் ஓட்டைகள் உண்டு. நினைவு தப்பியவரும் அதே ஆள்தானே. நிறுவனத்துக்கோ அது அப்படியே பொருந்துகிறது. நிறுவனத்துக்கு உடல் கிடையாது, உறுத்தும் நெஞ்சு கிடையாது. ஐந்தாண்டில் அதன் ஆட்கள் பாதிப்பேர் மாறிவிடுகிறார்கள். வழக்குப் போடவும் சொத்து வாங்கவும் சட்டம் அதை ஓர் ஆளாக நடத்துகிறது. அந்த ஆள் நேற்று வாக்குக் கொடுத்தாரா என்பதற்கு எழுத்தைத் தவிர வேறு நினைவு அதனிடம் இல்லை. எழுத்தை இழந்த நிறுவனம் பொறுப்பேற்கும் திறனையே இழந்துவிடுகிறது.

இந்த நினைவு இப்போது எப்படிப் பாதுகாக்கப்படுகிறது? மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் ஒரு கடிதத்தை நீக்கி, நீக்கியவை இருக்கும் பெட்டியிலிருந்தும் நீக்கிவிட்டால், வேறு ஏற்பாடு எதுவும் செய்யாதபோது 14 நாள் வரை மீட்கலாம். நிர்வாகி நினைத்தால் அதை 30 நாளாக்கலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் அவருடைய மெயில்பாக்ஸ் 30 நாள் காத்திருந்து பிறகு போய்விடும். ஜிமெயிலில் குப்பைக்குப் போனது 30 நாளில் தானே அழியும். அலுவலகக் கணக்கானால் நிர்வாகி அதற்குப் பிறகு இன்னும் 25 நாளுக்குள் மீட்டெடுக்கலாம். திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கும் ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணியின் நிறத்துக்கு வாங்குபவர் ஒப்புதல் தந்த கடிதம் அவர் பெட்டியில்தான் இருக்கிறது. சந்தாவை மிச்சப்படுத்த அவர் கணக்கை உடனே நீக்கிவிடுகிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்து, நிறம் சரியில்லை என்று வாங்குபவர் பணத்தைப் பிடிக்கும்போது, 30 நாள் எப்போதோ முடிந்திருக்கும். வாங்குபவர் கையில் மட்டும் முழுக் கடிதப் போக்குவரத்தும் இருக்கும். இதில் யாரும் அயோக்கியத்தனம் செய்யவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்குப் பொதுவான ஒரு நிகழ்வுக்கு ஒருவர் மட்டுமே சாட்சி ஆகிவிடுகிறார்.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் ஒரே கடிதத்தைப் பல இடங்களில் வைத்திருக்கின்றனவே, அது போதாதா என்று கேட்கலாம். டிஸ்க் கெட்டுப்போனால் அது போதும். ஒரு இடத்தில் நடப்பது எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும்படி செய்வதுதான் அந்த ஏற்பாடு. நீக்கினால் நீக்கமும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். 2011 பிப்ரவரியில் சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றம் பிசகி, ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்குப் பெட்டி காலியானது. பல தரவு மையங்களில் இருந்த படிகளையும் அந்தப் பிழை தொட்டுவிட்டது. கூகுள் அவற்றை மீட்டது கணினிகளோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த டேப்புகளிலிருந்து. இன்னொரு விவரம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வரும் போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அந்தக் கணமே ஒரு படி எடுத்து வேறிடத்துக்கு அனுப்பும் முறையை ஜர்னலிங் என்பார்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இதை அமைக்கலாம். ஆனால் படி போய்ச் சேரும் பெட்டி இன்னொரு எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் பெட்டியாக இருக்க மைக்ரோசாஃப்ட் அனுமதிப்பதில்லை. வெளியே உள்ள ஆவணக் காப்பகமாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுடைய காரணம் தொழில்நுட்பம் சார்ந்ததாகவே இருக்கட்டும். விளைவு என்னவோ அறம் சார்ந்தது: எழுதியவர் கை படும் முன்பே ஒரு படி அயலார் கைக்குப் போய்விடுகிறது. பேக்கப்புக்கும் ஆர்க்கைவுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. தொலைந்ததைத் திருப்பித் தருவது பேக்கப். நடந்ததை மாற்ற முடியாமல் வைத்திருப்பது ஆர்க்கைவ். முதலாவது நிறுவனத்தின் நலனுக்காக. இரண்டாவது நிறுவனத்துக்கு எதிரே நிற்கக்கூடியவருக்காகவும்.

இந்த யோசனையை நவீன நிர்வாகச் சட்டம் கண்டுபிடித்தது என்று நினைத்தால் சேக்கிழாரை மறந்தவர்கள் ஆவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் எழுதிய பெரிய புராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் ஒரு வழக்கு விசாரணை. நம்பி ஆரூரருக்குத் திருமணம் நடக்க இருக்கிறது. ஒரு முதிய அந்தணர் வந்து, உன் பாட்டன் எனக்கு எழுதித் தந்த அடிமை ஓலை இருக்கிறது, நீ எனக்கு அடிமை என்கிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துப்போடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என மூன்றில் ஒன்றைக் காட்டு என்று அவையினர் கேட்க, முதியவர் ஆவணத்தைக் காட்டுகிறார். அவையினர் அதைப் பார்த்ததோடு விட்டுவிடவில்லை. பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைத் தங்கள் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வழக்குத் தொடுத்த முதியவர் சிவபெருமான்.

இந்தக் கதையை அருளின் கதையாகத்தான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது சரியே. ஆனால் சேக்கிழார் அநபாயச் சோழன் அரசில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. ஆவண நடைமுறை அறிந்தவருடைய கைத்தடம் இந்தப் பகுதி முழுக்கத் தெரிகிறது. எல்லாம் அறிந்த இறைவன் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லி வழக்கை முடித்துவிடவில்லை. அவை கேட்ட சான்றைக் காட்டுகிறான். அவையும் அவனுடைய ஓலையை அவனுடையது என்பதற்காக நம்பிவிடவில்லை. மேலே ஒருவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான், மனிதர்கள் எதற்குக் கடிதத்தை எல்லாம் அடுக்கி வைக்க வேண்டும் என்று பக்தியுள்ள ஒருவர் கேட்டால், இந்தக் கதையே விடை. கடவுளின் அறிவு கடவுளுக்குப் போதும். மனிதர் கூடிய அவையில் நியாயம் நடக்க வேண்டுமானால், எல்லோரும் பார்க்கக்கூடிய, ஒரு தரப்பு மட்டும் தொட முடியாத சான்று வேண்டும். அந்த நடைமுறைக்குத் தன்னை உட்படுத்திக்கொள்வது இறைவனுக்கே இழுக்கில்லை என்றால் ஒரு தனியார் கம்பெனிக்கு அது எப்படி இழுக்காகும்?

இதைவிட ஆழமாக எனக்குப் படுவது கிழித்தவரின் நிலை. ஆரூரர் பொய்யர் அல்லர். ஓலையில் இருந்தது அவருக்கு உண்மையாகவே தெரியாது; தான் சுதந்திரமானவன் என்ற முழு நம்பிக்கையில்தான் கிழித்தார். நேர்மையானவர்களும் அழிப்பார்கள் என்பதுதான் கதை காட்டும் உண்மை. பேக்கப், ஆர்க்கைவ் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் திருடர்களையே மனத்தில் வைத்துப் பேசுகிறோம். தவறு செய்ததாகவே நினைக்காத ஆள்தான் அதிகம் அழிக்கிறார். அவருக்கு அந்தக் கடிதம் குப்பையாகத்தான் தோன்றும். அமெரிக்காவில் யுபிஎஸ் வார்பர்க் நிறுவனத்தின் மீது, பெண் என்பதால் பாகுபாடு காட்டப்பட்டதாக அதன் ஊழியர் ஒருவர் தொடுத்த ஸுபுலேக் வழக்கில், எதையும் அழிக்காதீர்கள் என்று வழக்கறிஞர்கள் சொன்ன பிறகும் சில ஊழியர்கள் மின்னஞ்சல்களை நீக்கினார்கள். ஒரு பகுதி பேக்கப் நாடாக்களிலிருந்து மீண்டது. சில நாடாக்களே காணாமல் போயிருந்தன. காணாமல் போனவை நிறுவனத்துக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று கொள்ளலாம் என ஜூரிக்கு அறிவுறுத்த நீதிபதி ஷிரா ஷிண்ட்லின் 2004இல் முடிவு செய்தார். 2005 ஏப்ரலில் ஜூரி கொடுத்த தீர்ப்பு சுமார் 2 கோடியே 93 லட்சம் டாலர். ஓலையைப் பறித்துக் கிழிப்பது வெற்றியாகுமா என்று திருவெண்ணெய்நல்லூர் அவையினர் ஆரூரரைக் கேட்டதும் இதே நியாயம்தான்.

அழிப்பது குற்றமா, காலம்தான் குற்றமா என்ற கேள்வியை ஆர்தர் ஆண்டர்சன் வழக்கு தெளிவாக்கியது. என்ரான் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்த ஆண்டர்சனிடம் தேவையற்ற ஆவணங்களை அகற்றுவதற்கான கொள்கை முன்பே இருந்தது, அதில் தவறில்லை. 2001 அக்டோபரில் விசாரணை நெருங்கிவரும் வேளையில் அந்தக் கொள்கையை ஊழியர்களுக்கு நினைவூட்டினார்கள். பிறகு தாள்கள் டன் கணக்கில் அரைபட்டன. 2002இல் ஜூரி குற்றவாளி என்றது. ஜூரிக்குச் சட்டத்தை விளக்கிய விதம் சரியில்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. அதற்குள் அந்த நிறுவனம் கலைந்திருந்தது. சட்ட முடிவு எதுவானாலும் அறப் பாடம் தெளிவானது: எது தேவையற்றது என்பதை, அது தேவைப்படும் நேரத்தில், தேவைப்படாமல் போனால் ஆதாயம் அடைபவர் தீர்மானிக்கக் கூடாது. பங்குத் தரகர்களுக்கான அமெரிக்க ஒழுங்குமுறை இதை வெகு முன்பே உணர்ந்திருந்தது. 1997 முதல், 17ஏ-4 விதிப்படி, ஆவணங்களை மின்னணு முறையில் வைக்கும் தரகர் அவற்றைத் திருத்தவோ அழிக்கவோ முடியாத வடிவில் வைக்க வேண்டியிருந்தது. அவற்றை எடுத்து ஒழுங்குமுறை ஆணையத்திடம் தரக்கூடிய மூன்றாம் தரப்பு ஒருவரையும் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2022இல் மூன்றாம் தரப்புக்குப் பதில் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவரே அந்தப் பொறுப்பை ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது, புரிகிறது. ஆனாலும் அதிகாரிக்குச் சம்பளம் தருபவர் யார் என்பதை யோசித்தால் அதைப் பின்னடைவு என்றே சொல்வேன்.

இனி மறுப்புகள். இவற்றில் கனமானது சமய மரபுகளிலிருந்தே வருகிறது. மறதி ஒரு வரம். மன்னிப்பு அதன் கனி. எதையும் மறக்காத சமூகத்தில் யார் திருந்தி வாழ முடியும்? தத்துவவாதி நீட்சே 1887இல் எழுதிய அறத்தின் வரலாறு பற்றிய நூலில், மறப்பது சோம்பல் அல்ல, மனத்தின் ஆக்க சக்தி என்றார். எதையும் செரித்துக் கழிக்காதவனால் புதிதாக எதையும் தொடங்க முடியாது என்பது அவர் வாதம். தனிமனிதருக்கு இது உண்மை. வள்ளுவரும் பிறர் செய்த தீமையை அன்றே மறந்துவிடச் சொல்கிறார். ஆனால் அவர் யாரிடம் அதைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். தீமையைப் பட்டவரிடம் சொல்கிறார், செய்தவரிடம் சொல்லவில்லை. செய்தவர் தானே மறந்துகொள்வதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை. மன்னிக்கும் உரிமை பட்டவருடையது என்றால், எதை மன்னிக்கிறோம் என்று அறியும் உரிமையும் அவருடையதே. தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இந்த வரிசையைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டது: நடந்ததை முழுக்கச் சொன்னவருக்கே பொதுமன்னிப்பு. அந்த ஆணையம் தன் அறிக்கையில் பதிவுசெய்த ஒரு செய்தி, 1993இல் தேசியப் புலனாய்வுத் துறையின் தலைமையகத்தில் மட்டும் ஏறத்தாழ 44 டன் ஆவணங்கள் அழிக்கப்பட்டன என்பது. அவற்றோடு எத்தனை குடும்பங்களின் மன்னிக்கும் வாய்ப்பும் போனது என்று எண்ணிப் பார்க்கலாம். தன் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாத தாயிடம் 'மறந்துவிடுங்கள்' என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை.

இரண்டாவது மறுப்பு கண்காணிப்பு பற்றியது. எல்லாக் கடிதமும் எங்கோ நிரந்தரமாக இருக்கிறது என்று தெரிந்தால் ஊழியர் மனம்விட்டு எழுத மாட்டார். முதலாளி கையில் அது ஒரு சவுக்காகிவிடும். இந்த அச்சத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அடிமை ஓலையும் ஓர் ஆவணம்தான்; ஆளையும் தலைமுறையையும் கட்டிப்போட எழுத்து எப்படிப் பயன்பட்டது என்பது தமிழ்நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. என்ரானின் கடிதங்களுக்கு நேர்ந்ததும் ஓர் எச்சரிக்கை. 2003இல் அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணையில் திரட்டிய மின்னஞ்சல்களைப் பொதுவெளியில் வைத்தது. ஆராய்ச்சியாளர்கள் சுத்தப்படுத்திய தொகுப்பிலேயே சுமார் 150 பேருடைய ஐந்து லட்சம் கடிதங்கள் உண்டு. அந்த நிறுவனத்தின் மோசடியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களின் குடும்பச் சங்கடங்களும் சமூகப் பாதுகாப்பு எண்களும் அதில் கலந்து வெளிவந்தன. சிலர் கேட்டுக்கொண்ட பிறகு சில கடிதங்கள் எடுக்கப்பட்டன. அதற்குள் படிகள் உலகெங்கும் போயிருந்தன. இன்றும் அந்தத் தொகுப்பை வைத்துக் கணினிகளுக்கு மொழி கற்பிக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுப்பது, வைத்திருப்பதும் வாசிப்பதும் இரு வேறு செயல்கள் என்பதை. என்ரானில் நடந்த தீமை கடிதங்கள் இருந்ததால் வந்ததல்ல. தேவையான கடிதத்தைப் பிரித்தெடுக்காமல் எல்லாவற்றையும் திறந்துவிட்டதால் வந்தது. முத்திரையிட்டு வைத்த காப்பகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாதபடி செய்யலாம். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை வைத்துத் தேடினார் என்பதும் அழிக்க முடியாமல் பதிவாகலாம். நல்ல காப்பகச் சேவைகளில் இவை இருக்கின்றன; வாங்குபவர்கள்தான் கேட்பதில்லை. முதலாளியின் கையில் சவுக்கு என்ற வாதத்துக்கும் இங்கேதான் விடை. காப்பகம் இல்லாத அலுவலகத்தில் முதலாளிக்கு நினைவு இல்லாமல் போவதில்லை. நிர்வாகியின் பாஸ்வேர்ட் அவரிடம் இருக்கிறது, வேண்டியதை வைத்துக்கொள்வார். வேலை போன அன்று காலையிலேயே தன் பெட்டிக்குள் நுழைய முடியாமல் நிற்பது ஊழியர்தான். கூடுதல் நேரம் வேலை செய்யச் சொன்ன கடிதம், விடுப்பு மறுத்த கடிதம், மேலதிகாரி வரம்பு மீறி எழுதிய கடிதம் எல்லாம் அவர் பார்வையிலிருந்து போய்விடும். மூன்றாம் தரப்பிடம் படி இல்லாவிட்டால் பலமுள்ளவரிடம் மட்டுமே படி இருக்கும்.

அந்த மூன்றாம் தரப்பை எப்படி நம்புவது? காவலுக்குக் காவல் வைத்துக்கொண்டே போனால் முடிவு எங்கே? அவர்கள் உத்தமர்கள் என்பது என் வாதம் இல்லை. அவர்களும் விலைபோகலாம், திவாலாகலாம், திருட்டுக் கொடுக்கலாம். அயலாரின் மதிப்பு அவர் குணத்தில் இல்லை, அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒரே பிழையும் ஒரே ஆசையும் ஒரே சாவியும் இரண்டு படிகளையும் ஒருசேரத் தொட முடியாது என்பதே இங்கே பயன். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் ஒருவன் நுழைந்து, பணம் கேட்டு மிரட்டி, பிறகு சேமிப்பையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தான்; எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன, நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் தரவு மையக் கட்டடம் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். இவற்றுக்கு நேர்மாறானது 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நடந்தது. அரை மில்லியனுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பை நிர்வகிக்கும் அமைப்பு அது. கூகுள் கிளவுடில் அமைப்பு விவரங்களை இடும்போது நேர்ந்த ஒரு தவறால் அதன் தனிக் கிளவுட் தானாகவே அழிந்தது. இரண்டு புவியியல் பகுதிகளில் படி வைத்திருந்தார்கள். அழிவு இரண்டிலும் நடந்தது. வேறொரு சேவை நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்ததால் இழப்பு குறைந்தது என்று இரு தரப்பும் கூட்டாக அறிவித்தன. அந்த வேறொரு நிறுவனம் கூகுளைவிடத் திறமையானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது வேறொன்றாக இருந்தது, அவ்வளவே போதுமானதாக இருந்தது.

கதையில் மூல ஓலை வழக்காடியவரிடமே இருந்ததே, அயலாரிடம் இல்லையே என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. அதனால்தான் அவை அந்த ஓலையோடு நிறுத்திக்கொள்ளாமல் தன் காப்பிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவரச் செய்தது. அவையினரும் மனிதர்களே; ஆனால் அந்த இன்னொரு ஓலை எழுதப்பட்டபோது இந்த வழக்கு யார் கனவிலும் இல்லை. சான்றின் நேர்மை இப்படித்தான் அமைகிறது. இன்ன தகராறு வரும் என்று தெரியாத காலத்தில், எந்தத் தரப்புக்கும் சாயக் காரணமில்லாத கையில், தேர்ந்தெடுக்காமல் எல்லாம் சேர்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாம் என்று சொல்லும்போதே, எதுவரை என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கடமை பிறரைப் பாதித்த செயலிலிருந்து பிறக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன்; அது அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன். அப்படியானால் கடன் தீர்ந்த இடத்தில் வைத்திருக்கும் உரிமையும் தீர வேண்டும். வழக்குத் தொடுக்கக்கூடிய காலம் கடந்த, வரிக் கணக்குக்கோ ஓய்வூதியத்துக்கோ யாருக்கும் தேவைப்படாத கடிதத்தை வைத்திருப்பது சாட்சிக்காக அல்ல, ஆசைக்காக. விளம்பரத்துக்கோ இயந்திரங்களுக்குப் பயிற்சி தருவதற்கோ அதை எடுப்பது அடைக்கலப் பொருளைக் கையாடுவது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 17ஆம் பிரிவில் தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவில், சட்ட உரிமைகோரலுக்குத் தேவைப்படுவதற்கு விலக்கும் தருகிறது. இந்தியாவின் 2023 சட்டமும் அழிக்கக் கோரும் உரிமையை ஏற்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் பேக்கப்புக்கும் இந்த உரிமைக்கும் மோதல் போலிருக்கும். உண்மையில் இரண்டும் ஒரே கோட்பாட்டிலிருந்து வருகின்றன: ஒருவரைத் தொட்ட தகவலின் மீது அவருக்கும் பங்கு உண்டு. ஆகவே காப்பதற்கு விதி இருப்பதுபோல் அழிப்பதற்கும் விதி வேண்டும். அந்த விதியை அமைதிக் காலத்தில், இன்ன கடிதத்துக்கு இத்தனை ஆண்டு என்று, ஊழியரும் வாடிக்கையாளரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். வழக்கோ புகாரோ வந்த நாளில் அந்த விஷயத்தைச் சேர்ந்த கடிதங்களுக்கு மட்டும் அழிப்பு நிற்க வேண்டும். மற்றவை விதிப்படி போக வேண்டும், மூன்றாம் தரப்பின் டேப்பிலிருந்தும் சேர்த்து. ஒப்பந்தம் போடும்போதே இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்குவது அலுவலகத்தின் பொறுப்பு. காலம் முடிந்த கடிதங்களை அவர்கள் எப்படி அழிப்பார்கள், அழித்ததற்கு என்ன சான்று தருவார்கள் என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.